சுவரில் ஒட்டிய பட்டியல்

அன்புள்ள ஐயா,

ஜிம் பயிற்சியாளராக இருக்கிறேன். 'சூசைடு ரன்' ஓடச் சொன்னதும் ஒரு பையன் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான். அவன் அண்ணன் தற்கொலை செய்துகொண்டவர் என்று பிறகுதான் தெரிந்தது. அதிலிருந்து 'ஸ்கல் கிரஷர்', 'கேர்ள் புஷ்-அப்', 'ரஷ்யன் ட்விஸ்ட்' எல்லாமே உறுத்துகின்றன. "பேர்ல என்ன இருக்கு" என்று உடன் வேலை செய்பவர்கள் சிரிக்கிறார்கள். எல்லாவற்றையும் மாற்ற வேண்டுமா? எங்கள் சுவர்ப் பட்டியலின் படத்தை இணைத்திருக்கிறேன்.

வாசகர், திருப்பூர்

அன்புள்ள நண்பருக்கு,

அந்தப் பையன் திரும்பி வந்தானா? அதை எழுதவில்லையே. வராவிட்டால் போன் செய்யுங்கள். பெரிய விளக்கமெல்லாம் வேண்டாம், "நாளைக்கு வாப்பா" போதும். கோட்டுக்குக் கோடு ஓடித் திரும்புவதுதானே, 'கோட்டு ஓட்டம்' என்று சொல்லிவிட்டுப் போங்கள்.

ஸ்கல் கிரஷர் இருக்கட்டும். மல்லாந்து படுத்து நெற்றிக்கு மேல் கம்பியை இறக்குகிறோம், கை நழுவினால் என்ன ஆகும் என்று பெயரே எச்சரிக்கிறது. ரஷ்யர்கள் கவலைப்படும்போது பார்த்துக்கொள்ளலாம். 'கேர்ள்' மட்டம் தட்டுகிற பேச்சு. முழங்காலை ஊன்றி எடுப்பதுதானே, 'முட்டித் தண்டால்' என்று மாற்றுங்கள்.

எனக்குக் கோபம் வேறு. உங்கள் படத்தில் நான்காவது வரி, 'ஹிந்து புஷ்-அப்'. இது மட்டும் உறுத்தவில்லையா? அது தண்டால் ஐயா! அதற்குக் கீழே இருக்கும் 'ஹிந்து ஸ்குவாட்' நம் பஸ்கி. அந்தக் காலத்து வெள்ளைக்காரனுக்கு இந்தியர் எல்லாருமே 'ஹிந்து'தான், சரி. நமக்கு என்ன வந்தது?

தண்டாலும் பஸ்கியும் தினமும் ஆயிரக்கணக்கில் எடுத்தவர் என்று இன்றும் பேசப்படுபவர் காமா பயில்வான். இயற்பெயர் குலாம் முகம்மது. 1910இல் லண்டனில் போலந்து மல்யுத்த வீரர் ஜிபிஸ்கோ அவரிடமிருந்து தப்பிக்க இரண்டரை மணி நேரம் தரையோடு ஒட்டிக் கிடந்து டிரா செய்தார். அடுத்த வாரம் மறு ஆட்டத்துக்கு ஆளே வரவில்லை. 1928இல் பாட்டியாலாவில் மறுபடி மோதியபோது ஒரு நிமிடம்கூடத் தாங்கவில்லை. அந்த காமா எடுத்த தண்டாலுக்குத்தான் நீங்கள் மதம் எழுதி ஒட்டியிருக்கிறீர்கள்.

எங்கள் ஊர் தேகப்பயிற்சி சாலையில் வஸ்தாது ஒரு பாய். இடுப்பு தாழ்ந்தால் கர்லாக்கட்டையால் தட்டுவார். அவரிடம் போய் "ஹிந்து புஷ்-அப் எத்தனை எடுக்கணும்?" என்று கேட்டிருந்தால், கூட ஐம்பது எடுக்கச் சொல்லியிருப்பார்.

நாளைக்கே அந்தத் தாளைக் கிழியுங்கள். 'தண்டால்', 'பஸ்கி' என்று தமிழில் எழுதி ஒட்டுங்கள், பெரிய எழுத்தில்.