இல்லாத ரப்பருக்கு 8,500 ரூபா

இந்தமுறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பழைய மோட்டார் சைக்கிள்தான். 2020 இல் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். அன்று பழசுக்கு ஏறிய மவுசு இன்னும் முழுதாக இறங்கவில்லை. மவுசு ஏறினால் ஏமாற்றுகிறவனுக்கும் வேலை வந்துவிடும்.

கேள்வி: இவர் விட்டுப்போன ஹொண்டா சி 70 இல்தான் மகள் வேலைக்குப் போய்வருகிறாள். அதிருது என்று கராஜில் விட்டோம். எஞ்சின் மவுண்ட் ரப்பர் நாலும் போய்விட்டது என்று 8,500 ரூபா எடுத்து, அரை மணித்தியாலத்தில் வண்டியைத் திருப்பித் தந்தார்கள். அதிர்வு அப்படியே இருக்கிறது. அவர்கள் தந்த பற்றுச்சீட்டுத் துண்டின் படம் அனுப்பியிருக்கிறேன். (ஓர் அம்மா, விசுவமடு)

பதில்: அக்கா, மவுண்ட் ரப்பர் என்பது எஞ்சினுக்கும் சேசிக்கும் (வண்டியின் சட்டத்துக்கும்) நடுவில் அதிர்வை வாங்க வைப்பது. சி 70 இல் அப்படி ஒன்று கிடையாது. எஞ்சின் இரண்டு நீளப் போல்ட்டில் சேசியோடு நேரே தொங்குகிறது, இரும்போடு இரும்பு. ரப்பர் இருப்பது பின் சில்லின் நடுவே உள்ள ஹப்புக்குள். செயின் இழுக்கும்போது வரும் உதறலை அது வாங்கும். அதைத்தான் மாற்றிவிட்டுப் பெயரை மாற்றி எழுதினார்களோ என்று முதலில் நினைத்தேன். அப்படியென்றால் பின் சில்லைக் கழற்றியிருக்க வேண்டும். வண்டி அரை மணித்தியாலத்தில் திரும்பி வந்தது, சில்லில் கைபட்ட அடையாளமும் இல்லை என்கிறீர்கள்.

துண்டு வாங்கி வைத்தீர்களே, அது பெரிய காரியம். வண்டியையும் துண்டையும் கொண்டுபோய், "கழற்றிய பழைய நாலையும் காட்டுங்கோ, புதுசு நாலும் எங்கே பூட்டியிருக்கு என்று தொட்டுக் காட்டுங்கோ" என்று மட்டும் கேளுங்கள். காட்ட முடியாது. காசு திரும்பி வராவிட்டால் 1977 க்கு அடியுங்கள், நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் இலக்கம் அது. எழுத்தில் முறையிடுவதானால் மூன்று மாதத்துக்குள். நாளைக் கடத்த வேண்டாம். அதிர்வுக்கு அந்த இரண்டு போல்ட்டின் நட்டையும் ஹப் ரப்பரையும் வேறொருவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: புது மவுண்ட் ரப்பர் குழாய்க்குள் இறங்க மறுக்கிறது. கிரீஸ் பூசலாமா? (மாங்குளம்)

பதில்: கூடாது. சவர்க்காரத் தண்ணீர்.

கேள்வி: லண்டனில் இருக்கும் மச்சானிடம் பழைய நோர்ட்டன் கொமாண்டோ மோட்டார் சைக்கிள் ஒன்று இருக்கிறது. அங்கே மவுண்ட் ரப்பர் விலையாம். "ரப்பர் விளையிற நாடுதானே, பட்டறையில் வெட்டி அனுப்பு" என்கிறார். (கிளிநொச்சி)

பதில்: ரப்பர் மரம் 1876 இலேயே இங்கே கம்பஹாவின் ஹெனரத்கொடைக்கு வந்துவிட்டது, உண்மைதான். பால் வடிகிற நாடு என்பதற்காக மவுண்டும் வடியாது தம்பி.

கொமாண்டோ சாதாரண வண்டி இல்லை. எஞ்சின், கியர்ப்பெட்டி, பின் சில்லைத் தாங்கும் ஆர்ம் எல்லாம் ஒரே கூட்டாக ரப்பரில் மிதக்கும். ஐசோலாஸ்டிக் என்று பெயர் வைத்து 1967 இல் காட்டினார்கள். அந்தக் கூட்டு மேலும் கீழும் ஆடலாம், பக்கத்துக்கு ஆடக்கூடாது. பக்க இடைவெளி சுமார் கால் மில்லிமீட்டர்தான். முந்திய மொடல்களில் மெல்லிய தகடு வைத்துச் சரிசெய்வார்கள், 1975 இல் வந்த மார்க் 3 இல் மரையைத் திருகி. இடைவெளி கூடினால் வளைவில் பின்பக்கம் நெளியும், இறுகினால் அதிர்வு முழுக்கக் கைக்கு வரும். அந்த ரப்பர் இரும்பு வளையத்தோடு சேர்த்தே வேகவைத்தது. நீங்கள் வெட்டி ஒட்டுவது பிரிந்து வரும், வருகிற நேரம் மச்சான் நெடுஞ்சாலையில் இருப்பார். அங்கேயே வாங்கச் சொல்லுங்கள். கொமாண்டோ வைத்திருப்பவருக்கு ரப்பர் வாங்க வசதியில்லையா?

கேள்வி: முப்பது வருடம் பைக்கற் பிரிக்காத ஜப்பான் ஒரிஜினல் மவுண்ட் ஒரு செட் 14,000 ரூபா சொல்கிறார்கள். வாங்கலாமா? (பரந்தன்)

பதில்: "ஒரிஜினல்" என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குப் பல் கூசும். சில வருடங்களுக்கு முன் கொழும்பு பஞ்சிகாவத்தையில் ஒரு கடையில் இதே கதையைக் கேட்டு ஹப் ரப்பர் ஒரு செட் வாங்கினேன். பைக்கற்றில் ஜப்பான் எழுத்து, ஒட்டுத்தாள்கூட மஞ்சளாகிப் பழசாய் இருந்தது. அந்த மஞ்சளைக் கண்டு மயங்கிப் பேரமும் பேசவில்லை. மூன்றாம் மாதம் ஹப்பைத் திறந்தால் உள்ளே புட்டு. யுத்தகாலப் பொருளாதாரத் தடையின்போது சைக்கிள் ரியூப் வெட்டி அடைத்து, மண்ணெண்ணெயில் ஓடிய வண்டி அது. அந்த ரியூப் இதைவிட நாள் பிடித்தது. திருப்பிக் கேட்கப் போனால் "துண்டு இருக்கா?" என்றார். இல்லை. ஊருக்குப் புத்தி சொல்கிற நான்தான்.

ரப்பருக்குப் பைக்கற்றுக்குள்ளும் வயது போகும். காற்று, சூடு, வெளிச்சம் மூன்றும் அதைத் தின்னும், பூட்டாமல் வைத்திருந்ததால் இளமை நிற்காது. ஆகவே எந்த நாட்டில் செய்தது என்று கேட்க முன் எப்போது செய்தது என்று கேளுங்கள். நகத்தால் அழுத்துங்கள், பள்ளம் விழுந்து மீள வேண்டும். வளைத்துப் பாருங்கள், முடி போல வெடிப்புத் தெரிந்தால் வைத்துவிட்டு வாருங்கள். இரும்பும் ரப்பரும் சேரும் இடத்தில் நகம் நுழைந்தால் அது ஒட்டினது. நகம் படக்கூடாது என்று கடைக்காரர் சொன்னால் அதுவே பதில்.

அப்புறம் துண்டு. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டப்படி, கேட்டால் பற்றுச்சீட்டுத் தர வேண்டியது வியாபாரியின் கடமை. நாங்கள்தான் கேட்பதில்லை. தெரிந்த ஆள், சொந்தக்காரன், முகத்துக்கு நேரே எப்படிக் கேட்பது என்று கூச்சம். 14,000 ரூபாவை எண்ணிக் கொடுக்கக் கூசாத வாய்க்கு ஒரு துண்டு கேட்க என்ன கூச்சம்? பொருளின் பெயர், திகதி, விலை மூன்றும் இருக்க வேண்டும். "சாமான் 1" என்று எழுதினது துண்டு இல்லை, கடதாசி.

கேள்வி: முகநூலில் படம் பார்த்து ஒரு பழைய வண்டிக்கு 60,000 ரூபா முற்பணம் அனுப்பினேன். வண்டி வந்தபின் பார்த்தால் எஞ்சின் நம்பர் பதிவுப் புத்தகத்தோடு ஒத்துவரவில்லை. எஞ்சினும் ஆடுகிறது. முதலில் மவுண்ட் மாற்றவா? (ஒட்டுசுட்டான்)

பதில்: நம்பரே ஒத்துவரவில்லை, மவுண்டைப் பற்றிக் கேட்கிறீர்கள். 2009 இல் யுத்தம் முடிந்த பிறகு இந்தப் பக்கத்தில் நாலு வண்டியைக் கழற்றி ஒரு வண்டி பூட்டினவர்கள் எத்தனை பேர் என்று உங்களுக்குத் தெரியாதா? நேரே போய், சேசி நம்பரையும் எஞ்சின் நம்பரையும் துடைத்துப் பார்த்துப் புத்தகத்தோடு ஒப்பிடப் பத்து நிமிடம் போதும். அந்தப் பத்து நிமிடத்தின் விலை 60,000. மிச்சக் காசைக் கொடுக்காதீர்கள், ஒரு ஆணியும் கழற்றாதீர்கள், பேசின செய்தி எல்லாவற்றையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு பொலிசுக்குப் போங்கள்.

கேள்வி: முன் மவுண்ட் இரண்டையும் மட்டும் மாற்றினேன். அதிர்வு குறையவில்லை. (வவுனியா)

பதில்: பழசும் புதுசும் ஒரே பாரத்தைச் சமமாகத் தாங்காது. எல்லாவற்றையும் சேர்த்து மாற்றுங்கள். எஞ்சினுக்குக் கீழே ஜாக்கும் பலகையும் கொடுத்து, எல்லாப் போல்ட்டையும் கையால் மட்டும் ஏற்றிவிட்டு, எஞ்சின் பாரம் ரப்பரில் இருந்த பிறகு இறுக்க வேண்டும். ஒன்றொன்றாக இறுக்கிக்கொண்டு போனால் ரப்பர் முறுகியபடியே உட்காரும்.

கேள்வி: லாண்ட்மாஸ்டர் (இரு சில்லு உழவு இயந்திரம்) கைபிடி அதிருது. மோட்டார் சைக்கிள் மவுண்டை அதற்குப் பூட்டலாமா? (புதுக்குடியிருப்பு)

பதில்: பூட்டிப் பார்த்தேன். இரண்டாம் உழவுக்கே பிய்ந்தது.