‘தி டார்க் நைட்’ ப்ளூ-ரேயில் கறுப்புப் பட்டைகள் வந்து வந்து மறைவது ஏன்?

உங்கள் டிவியிலும் பழுதில்லை, வட்டிலும் பழுதில்லை. மேலும் கீழும் கறுப்புப் பட்டைகள் திடீரென மறைந்து மீண்டும் வருவது, கிறிஸ்டோபர் நோலன் படமெடுத்த விதத்தால்தான்.

2008-இல் வந்த இந்தப் படத்தின் சில காட்சிகளை அவர் ஐமேக்ஸ் கேமராவில் (மிகப் பெரிய திரைகளுக்காகப் பெரிய பிலிமில் படமெடுக்கும் கேமரா) எடுத்தார். பெரும்பகுதி வழக்கமான 35 மி.மீ. பிலிம். ஐமேக்ஸ் சட்டகம் உயரமானது. அதனால் அந்தக் காட்சிகள் வரும்போது டிவி திரை முழுவதும் நிறைகிறது. அவ்வளவு கனமான, இரைச்சலான கேமராவைச் சண்டைக் காட்சிகளுக்குக் கொண்டுபோன துணிச்சலுக்காகவே நோலனை எனக்கு அவ்வளவு பிடிக்கும். ஹாங்காங்கில் வானளாவிய கட்டட விளிம்பில் பேட்மேன் நிற்கும் இடத்தைப் பாருங்கள், அடிவயிறு கலங்கும்!

சோதிக்க:
1. தொடக்க வங்கிக் கொள்ளையை ஓடவிடுங்கள். திரை நிறைந்திருக்க வேண்டும்.
2. பிறகு 2005-இன் ‘பேட்மேன் பிகின்ஸ்’ போடுங்கள். அது ஐமேக்ஸ் கேமராவில் எடுக்கப்படவில்லை. பட்டைகள் கடைசிவரை அசையக் கூடாது. அதிலும் மாறினால், டிவியின் தானியங்கி ஜூம் அமைப்பை நிறுத்துங்கள்.

டிவிடியில் இந்த மாற்றம் இருக்காது, பட்டைகள் நிலையாகவே நிற்கும். எதில் பார்த்தாலும் ஜூம் செய்து பட்டைகளை நீக்காதீர்கள். படத்தின் இரு ஓரங்களும் வெட்டுப்பட்டுவிடும்.