கவுன்சில் வீட்டுத் திருத்த வேலையும் முறைப்பாடும்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

நான் சட்டத்தரணி இல்லை. பதினான்கு வருஷமாக லண்டனில் ஒரு ஹவுசிங் அசோசியேஷன் (கவுன்சிலைப் போல் குறைந்த வாடகைக்கு வீடு கொடுக்கும் அமைப்பு) பிளாட்டில் இருக்கிறேன். எங்கள் கட்டடத்தில் ஆருக்குக் குழாய் ஒழுகினாலும் லெட்டர் எழுத என்னிடம்தான் வருவார்கள். அப்படிப் பழகியதுதான் இதெல்லாம். கீழே சொல்வது இங்கிலாந்துக்கு மட்டும். ஸ்கொட்லாந்திலும் வேல்ஸிலும் விதிகள் வேறு.

கேள்வி: அக்கா, பிள்ளையளின்ர அறைச் சுவர் முழுக்கப் பூஞ்சணம். ஒன்பது தரம் போன் பண்ணிட்டன். ஒவ்வொரு தரமும் புதுசா ஒரு ஜொப் நம்பர் தருகினம், ஒருத்தரும் வரயில்லை. இனி ஆரிட்டை முறையிடுறது?

தங்கச்சி, நீங்கள் இன்னும் முறையிடவே இல்லை. ஒன்பது தரமும் திருத்தித் தரச் சொல்லித்தான் கேட்டிருக்கிறீர்கள். வீட்டு உரிமையாளரான கவுன்சிலின் அல்லது அசோசியேஷனின் கணக்கில் அது வேறு, முறைப்பாடு வேறு. எங்கள் ஆட்கள் அதிகம் கோட்டைவிடுவது இந்த இடத்தில்தான். போனில் கத்திப்போட்டு, ‘கொம்ப்ளெயின் பண்ணிட்டன்’ என்று நினைத்துக்கொண்டு இருந்துவிடுவோம். அங்கே பதிவில் ‘பூஞ்சணம், பார்க்கவேண்டும்’ என்ற ஒரு வரிதான் இருக்கும்.

இன்றைக்கே ஈமெயில் போடுங்கள். தலைப்பில் ‘ஃபோர்மல் கொம்ப்ளெயின்ட், ஸ்டேஜ் வன்’ என்று எழுதுங்கள். அந்தச் சொல் இல்லாமலே அதிருப்தியைச் சொன்னாலும் முறைப்பாடாக எடுக்கவேண்டும் என்பதுதான் விதி. ஆனாலும் சொல்லைப் போட்டுவிட்டால் தட்டிக்கழிக்க வழி இல்லை. உள்ளே நாலு விஷயம் போதும். முதல் எப்போது சொன்னீர்கள், அதற்குப் பிறகு என்னென்ன திகதியில் எந்த ஜொப் நம்பர், வீட்டில் ஆருக்கு என்ன வருத்தம், உங்களுக்கு என்ன செய்து தரவேண்டும். கடைசியைக் கட்டாயம் எழுதுங்கள். ‘ஏதாவது செய்யுங்கோ’ என்று கேட்டால் ஒரு பெயின்டரை அனுப்பிப் பூஞ்சணத்துக்கு மேலால் வெள்ளை அடித்துவிட்டுப் போவார்கள். ‘ஈரம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து அதைத் திருத்துங்கள்’ என்று எழுதுங்கள்.

இனி நாளை எண்ணலாம். 5 வேலை நாளுக்குள் முறைப்பாடு கிடைத்தது என்று பதில் வரவேண்டும். அதிலிருந்து 10 வேலை நாளுக்குள் முதல் கட்ட முடிவு. திருப்தி இல்லையென்றால் ஸ்டேஜ் டூ கேளுங்கள். அதற்கும் 5 வேலை நாளில் கிடைத்தது என்ற பதில், பிறகு 20 வேலை நாளில் இறுதிப் பதில். இந்த நாட்களைச் சொல்வது ஹவுசிங் ஒம்புட்ஸ்மனின் (வாடகையாளர்களின் முறைப்பாட்டை விசாரிக்கும் சுயாதீன அதிகாரி) விதிக்கோவை; அது 2024 ஏப்ரல் 1 முதல் சட்டப்படி கட்டாயம். பதில் தர அவர்கள் கூடுதல் நாள் எடுக்கலாம், ஆனால் காரணத்தை உங்களுக்குச் சொல்லவேண்டும்.

கேள்வி: எங்கட வீட்டுக்கு ஒராள் வந்து பார்த்திட்டு, “நீங்க கூடச் சமைக்கிறியள், உடுப்பை உள்ளுக்க காயப்போடுறியள், ஜன்னல் திறக்கிறேல்லை” எண்டு சொல்லிப்போட்டுப் போட்டார். இதுக்கு என்ன சொல்றது?

இந்தக் கதையைக் கேட்காத தமிழ் வீடே இங்கே இருக்காது. சோறு கறி சமைப்பது குற்றமாம்!

இங்கிலாந்தின் ரொச்டேல் நகரில் இரண்டு வயதுப் பிள்ளை அவாப் இஷாக் 2020 டிசம்பரில் இறந்தது. தகப்பன் 2017இலேயே பூஞ்சணத்தைப் பற்றிச் சொல்லியிருந்தார். அந்தக் குடும்பத்துக்கும் இதே வாழ்க்கைமுறைக் கதைதான் சொல்லப்பட்டது. வீட்டுப் பூஞ்சணத்தை நீண்டகாலம் சுவாசித்ததால் வந்த மரணம் என்று 2022 நவம்பரில் மரண விசாரணை அதிகாரி தீர்ப்புச் சொன்னார். அந்தப் பிள்ளையின் பெயரில் வந்த அவாப் சட்டம் சமூக வீடுகளுக்கு (கவுன்சில், ஹவுசிங் அசோசியேஷன் வீடுகள்) 2025 ஒக்டோபர் 27 முதல் நடைமுறையில் இருக்கிறது. உடனடி ஆபத்து என்றால் 24 மணித்தியாலத்துக்குள் பார்த்து அதை நீக்கவேண்டும். உடல்நலத்துக்குக் கடும் தீங்கு தரக்கூடிய ஈரமும் பூஞ்சணமும் என்றால் 10 வேலை நாளுக்குள் பரிசோதனை. அது முடிந்து 3 வேலை நாளுக்குள் என்ன கண்டார்கள் என்று எழுத்தில் தரவேண்டும், 5 வேலை நாளுக்குள் ஆபத்தை நீக்கவேண்டும். அந்த நாட்களுக்குள் முடியாவிட்டால் உரிமையாளர் தன் செலவில் வேறு இடம் ஒழுங்கு செய்துதர வேண்டும்.

ஆகவே வந்தவர் வாயால் சொன்னதை விட்டுவிடுங்கள். ‘பரிசோதனை முடிவை எழுத்தில் தாருங்கள்’ என்று ஈமெயிலில் கேளுங்கள். வாயால் சமையலைக் குறை சொல்பவர் எழுத்தில் அதைச் சொல்ல யோசிப்பார். சின்ன ஈரப்பத மீட்டர் ஒன்று வாங்கி அறையில் வையுங்கள். காலையும் இரவும் அது காட்டும் எண்ணைப் படம் எடுங்கள், ஜன்னல் திறந்திருப்பதும் அதே படத்தில் தெரியட்டும்.

கேள்வி: வாடகையை நிப்பாட்டினா ஓடி வருவினம் எண்டு சொல்லுகினம். செய்யலாமோ?

வேண்டாம். ஓடி வருவார்கள்தான், ஆனால் வீட்டை விட்டு எழுப்பும் நோட்டீஸோடு.

கேள்வி: ஸ்டேஜ் டூ பதில் வந்திட்டுது அக்கா. மன்னிப்புக் கேட்டு 150 பவுண் தாறமெண்டு எழுதியிருக்கினம். கூரை ஒழுக்கு மட்டும் அப்பிடியே கிடக்கு.

அந்தக் கடிதத்தைப் பத்திரமாக வையுங்கள், அதுதான் அடுத்த கதவுக்குத் திறப்பு. அதை எடுத்துக்கொண்டு ஹவுசிங் ஒம்புட்ஸ்மனிடம் போகலாம். காசு கட்டத் தேவையில்லை, வக்கீலும் தேவையில்லை. முந்தி எட்டுக் கிழமை காத்திருக்கவேண்டும், அல்லது எம்பி மூலம் போகவேண்டும் என்று இருந்தது. 2022 ஒக்டோபரோடு அது போய்விட்டது. இறுதிப் பதில் கிடைத்து 12 மாதத்துக்குள் போகவேண்டும். 150 பவுணை வாங்குவதில் பிழையில்லை. ஆனால் ‘இத்தோடு முழுப் பிரச்சினையும் தீர்ந்தது’ என்று எழுதியிருந்தால் கையெழுத்து வைக்காதீர்கள்.

ஒம்புட்ஸ்மன் ஆறுதலாகத்தான் வருவார், மாதக்கணக்கில் இழுபடும். ஆனால் வேலையைச் செய்து முடி, நட்டஈடு கொடு என்று உத்தரவிட அவருக்கு முடியும். அங்கே உங்கள் குரலைவிடக் கடதாசி பேசும்.

என் சொந்தக் கதை ஒன்று. எங்கள் குசினிக் கூரையில் ஒரு மஞ்சள் வட்டம் தொடங்கி, மழைக்கு மழை விரிந்து, ஒருநாள் பொரித்த அப்பளம்போல் ஊதிக்கொண்டு நின்றது. கேட்டால் ‘இரண்டு தரம் வந்தோம், நீங்கள் வீட்டில் இல்லை’ என்றார்கள். நான் அந்த இரண்டு நாளும் வேலைக்கு லீவு போட்டுவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டு இருந்தவள். என்னைப் பற்றி வைத்திருக்கும் பதிவுகளை எல்லாம் தாருங்கள் என்று எழுதிக் கேட்டேன். இது ஆருக்கும் உள்ள உரிமை, ஒரு மாதத்துக்குள் தரவேண்டும். வந்த பதிவுக் கட்டுக்குள், வேலையாள் போய்ப் பார்த்த கதவின் படம் இருந்தது. கதவு நீலம். எங்கள் கதவு பச்சை. அந்த ஒரு படத்தோடு அவர்களின் கதை முடிந்தது.

கேள்வி: கவுன்சிலின்ர சுகாதாரப் பகுதியைக் கூப்பிட்டால் என்ன?

ஹவுசிங் அசோசியேஷன் வீடு என்றால் கூப்பிடுங்கள். வந்து பார்த்து உரிமையாளருக்கு நோட்டீஸ் கொடுக்கலாம். கவுன்சில் வீடு என்றால் கவுன்சில் தனக்குத்தானே நோட்டீஸ் கொடுக்காது. ஆனாலும் அந்த அதிகாரி பார்த்து எழுதிய அறிக்கை கிடைத்தால் நல்ல ஆதாரம்.

கேள்வி: ஒரு பொடியன் கதவைத் தட்டி, “வென்றால்தான் காசு, கையெழுத்து வையுங்கோ, ஆயிரக்கணக்கில எடுத்துத் தாறம்” எண்டான். நம்பலாமோ?

வழக்குப் போடும் உரிமை உண்மையானது. 1985ஆம் ஆண்டு வீட்டுரிமையாளர், குத்தகையாளர் சட்டத்தின் 11ஆம் பிரிவின்படி கூரை, வெளிச்சுவர், பீலி, தண்ணீர், காஸ், மின்சாரம், ஹீட்டிங் எல்லாம் வீட்டு உரிமையாளரின் பொறுப்பு. அவர்களுக்குத் தெரியப்படுத்திய பிறகுதான் அந்தப் பொறுப்புத் தொடங்கும், அதனால்தான் ஈமெயில், ஈமெயில் என்று சொல்கிறேன். ஆறு வருஷத்துக்குள் வழக்குப் போடலாம். பழுதாகிப்போன கட்டில், அலுமாரி, கார்ப்பெட்டுக்கும் கேட்கலாம், பில் வைத்திருங்கள்.

ஆனால் வாசலில் வருபவனிடம் வேண்டாம். இடையில் வேண்டாம் என்று விட்டால் செலவு ஆர் தலையில் விழும் என்று அந்தத் தாளின் பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும். உடல்நலத்துக்குக் கடும் ஆபத்து என்றால் வருமானத்தைப் பொறுத்து அரச சட்ட உதவி கிடைக்கும். முதலில் அதைக் கேட்டுப் பாருங்கள். இன்னொன்று: வழக்கு நீதிமன்றத்தில் பதிவாகிவிட்டால் அதே விஷயத்தை ஒம்புட்ஸ்மன் தொடமாட்டார். வக்கீல் கடிதம் மட்டும் போயிருந்தால் அது வழக்கு ஆகாது. ‘வக்கீல் கடிதம் வந்துவிட்டது, முறைப்பாட்டை மூடுகிறோம்’ என்று சொன்னால் விடாதீர்கள்.

கேள்வி: மூன்று நாளாச் சுடுதண்ணியும் ஹீட்டிங்கும் இல்லை. கைக்குழந்தை இருக்கு.

இதை முறைப்பாடாக எழுதிக்கொண்டு இருக்காதீர்கள். அவசர இலக்கத்துக்கு இப்போதே அடித்து, முதல் வசனமே ‘கைக்குழந்தை இருக்கிறது’ என்று இருக்கட்டும். முறைப்பாடு நாளைக்கு.

கேள்வி: அம்மாவுக்கு எழுபத்தொரு வயது, இங்கிலிஷ் வராது. அவவின்ர பேரில நான் கதைச்சால் “உங்களோட கதைக்கேலாது” எண்டு வைக்கிறாங்கள்.

அம்மாவின் அனுமதி இல்லாமல் கதைக்கமாட்டார்கள் தம்பி, அதில் பிழையில்லை. இரண்டு வரி போதும்: ‘என் மகன் எனக்காகத் திருத்த வேலை, முறைப்பாடு இரண்டையும் பற்றிப் பேசவும் எழுதவும் சம்மதிக்கிறேன்.’ இதை ஆங்கிலத்தில் அடித்து, வீட்டு விலாசமும் வாடகை இலக்கமும் போட்டு, அம்மாவின் கையெழுத்தோடு படம் பிடித்து அனுப்புங்கள். கையெழுத்தைத் தமிழிலேயே வைக்கட்டும். எங்கள் கீழ்வீட்டு அம்மம்மா அப்படித்தான் வைத்தவ, ஒருத்தரும் ஒன்றும் கேட்கவில்லை.