புது ஆள் பக்கத்தில் உட்கார்ந்தால் கால் நடுங்குகிறதே!
வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: லாரிப் பயிற்சி முடிந்து, அடுத்த வாரம் உரிமத்துக்கான கடைசிச் சாலைத் தேர்வு. பயிற்சியாளர் இருந்தால் நன்றாகவே ஓட்டுகிறேன். வேறு யாராவது பக்கத்தில் உட்கார்ந்தால் கால் நடுங்கி, கிளட்சைச் சட்டென்று விட்டு வண்டியை நிறுத்திவிடுகிறேன். ஒரு தடவை நின்றாலே தோல்விதானா?

பதில்: இல்லை. இன்ஜின் ஒரு தடவை நின்றுபோவதைப் பொதுவாகச் சிறு பிழையாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். நின்றபின் என்ன செய்கிறீர்கள் என்பதைத்தான் அதிகாரி உற்றுப் பார்ப்பார். பதறிப்போய்ச் சாவியைத் திருகினால், கியரில் கிடக்கும் வண்டி ஒரு குதி குதிக்கும். மேட்டில் என்றால் பின்னால் உருளும். ஆபத்து அங்கேதான். கால் பிரேக், ஹேண்ட் பிரேக், நியூட்ரல், ஸ்டார்ட், இரண்டு கண்ணாடியிலும் ஒரு பார்வை, அப்புறம் கியர். இந்த வரிசையை வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்தே கைகால் பழகும்வரை செய்து பாருங்கள். நிதானமாகச் செய்தாலும் பத்து விநாடிக்கு மேல் ஆகாது. பின்னால் நிற்பவர் ஹாரன் அடித்தால் அடிக்கட்டும்.

நடுக்கத்துக்குப் பயம் மட்டும் காரணமில்லை, இருக்கையும் காரணமாக இருக்கலாம். கிளட்சை அடிவரை மிதித்த நிலையிலும் முழங்கால் சற்று மடங்கியே இருக்க வேண்டும். எட்டி எட்டி மிதித்தால் குதிகால் தரையில் ஊன்றாது, கிளட்ச் பிடிக்கும் இடத்தில் காலை நிறுத்தவும் முடியாது. முதலில் இருக்கை, பிறகு கண்ணாடி. மாற்றிச் செய்தால் கண்ணாடியை மறுபடி திருப்ப வேண்டிவரும்.

ஏர் பிரேக், அதாவது காற்றழுத்தத்தில் இயங்கும் பிரேக் உள்ள வண்டி என்றால் இன்னொன்றையும் கவனியுங்கள். நிறுத்தி வைத்த லாரியைப் பிடித்திருப்பது காற்றல்ல, ஸ்பிரிங். காற்று ஏறினால்தான் அந்த ஸ்பிரிங் விடும். ஏர் ஏறுவதற்குள் அவசரப்பட்டுக் கிளட்சை விட்டால் சக்கரம் பிடித்தபடியே இருக்கும், இன்ஜின் திணறி நின்றுவிடும். உங்கள் வண்டி நின்றதில் ஒன்றிரண்டு தடவை குற்றவாளி இதுவாகவும் இருக்கலாம்! பெரும்பாலான வண்டிகளில் காற்றழுத்தம் 8 பார் (bar, அழுத்தத்தின் அலகு) வாக்கில் ஏறியதும் ‘புஸ்’ என்று காற்று வெளியேறும் சத்தம் கேட்கும். அதுவரை காத்திருங்கள். 4 பார் அளவுக்கு இறங்கினால் எச்சரிக்கை பஸ்ஸர் அடிக்க வேண்டும் என்பதும் நினைவிருக்கட்டும், கேட்பார்கள்.

கிளம்பும் முன் வண்டியைச் சுற்றிப் பார்க்கச் சொன்னால், பார்ப்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள். பேசப் பேசப் படபடப்பும் இறங்கும். “டயர் சரி, நட்டு சரி” என்று ஒப்பித்தால் போதாது. வீல் நட்டிலிருந்து துரு கோடுபோல வழிந்திருந்தால் அந்த நட்டு தளர்ந்திருக்கலாம். இரட்டைச் சக்கரங்களுக்கு இடையே கல் சிக்கியிருக்கிறதா, இரண்டு டயரும் ஒன்றோடொன்று உரசுகின்றனவா என்று குனிந்து பாருங்கள். குனிந்து பார்க்கிறவருக்கும் நின்றபடி தலையாட்டுகிறவருக்கும் உள்ள வித்தியாசம் அதிகாரிக்கு உடனே தெரியும்.

கேள்வி: திருப்பத்தில் முன்சக்கரம் சரியாகப் போகிறது, பின்சக்கரம் நடைபாதை விளிம்பில் ஏறிவிடுகிறது. தேர்வில் இப்படி நடந்தால்?

பதில்: விளிம்பில் ஏறுவதைப் பெரிய பிழையாக எடுக்க வாய்ப்பு அதிகம், அங்கே ஆள் நின்றிருக்கலாம் அல்லவா? பின்சக்கரம் எப்போதும் உள்வாங்கித்தான் வரும். முன், பின் அச்சுகளுக்கு இடையே 5 மீட்டர் உள்ள லாரியில், முன்சக்கரம் 10 மீட்டர் ஆரத்தில் வட்டமடித்தால் பின்சக்கரம் சுமார் 1.3 மீட்டர் உள்ளே வரும். கிட்டத்தட்ட ஒரு கதவின் அகலத்துக்கும் மேல்! பலர் செய்யும் தவறு, மூலையைக் கண்டதும் ஸ்டியரிங்கை ஒடிப்பது. நேராகவே போய், முன்சக்கரம் மூலையைத் தாண்டிய பிறகு ஒடியுங்கள். ஒடிக்கும்போது உள்பக்கக் கண்ணாடியில் பின்சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே இருங்கள். விளிம்பை நெருங்கினால் ஸ்டியரிங்கைக் கொஞ்சம் விட்டுக்கொடுங்கள். அதற்காக முன்கூட்டியே எதிர்ப்பக்கம் அகலமாகப் போனால், அந்த இடைவெளியில் ஒரு பைக் நுழைந்துவிடும். பின்சக்கரத்துக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பாடி வெளிப்பக்கமாக வீசும் என்பதால், மறுபக்கக் கண்ணாடிக்கும் ஒரு பார்வை தேவை.

வெளிப்பக்கம் புடைத்த குவிகண்ணாடியில் தெரியும் வண்டி, தெரிவதைவிட உண்மையில் அருகில் இருக்கும். தடம் மாறும்போது அதை மட்டும் நம்பாதீர்கள்.

கேள்வி: ரிவர்ஸ் எடுக்கும்போது இறங்கிப் பார்த்தால் மதிப்பெண் போகுமா?

பதில்: ஊருக்கு ஊர் விதி வேறு. எத்தனை தடவை இறங்கலாம் என்று தொடங்கும் முன்பே அதிகாரியிடம் கேட்டுவிடுங்கள். கேட்பதற்கு மதிப்பெண் குறையாது. அனுமதி இருந்தால் ஹேண்ட் பிரேக் போட்டுவிட்டு இறங்குங்கள். டிரெய்லர் என்றால் ஸ்டியரிங்கின் அடிப்பகுதியைப் பிடியுங்கள். கை எந்தப் பக்கம் நகர்கிறதோ அந்தப் பக்கமே டிரெய்லரின் பின்முனையும் போகும். கோணம் அதிகமாகிவிட்டது என்று பட்டால் அங்கேயே திருத்தப் போராடாதீர்கள். முன்னால் நகர்ந்து, வண்டியை நேராக்கி, மறுபடி எடுங்கள்.