கட்டடம் கேட்டோம், திடல் கேட்டோமா?

அன்புள்ள அண்ணனுக்கு,

பாரிஸ் ஒலிம்பிக் முடிந்ததிலிருந்து வயிறு எரிகிறது. மலேசியாவிலிருந்து 26 பேர் போனார்கள். இரண்டு வெண்கலம், அதுவும் பூப்பந்தில் மட்டும். பிலிப்பைன்ஸுக்கு இரண்டு தங்கம், இந்தோனேசியாவுக்கு இரண்டு, தாய்லாந்துக்கு ஒன்று. 1956-லிருந்து போய் வருகிறோம், ஒரு தங்கம்கூட இல்லை. கொட்டுகிற பணமெல்லாம் எங்கே போகிறது? பூப்பந்து இரட்டையரில் தீனாவும் கடைசியில் கோட்டை விட்டுவிட்டார். நம் தமிழ்ப் பிள்ளைகளுக்கு வாய்ப்பே கொடுப்பதில்லை என்கிறார்களே, உண்மையா? என் மகள் இடைநிலைப் பள்ளியில் படிவம் இரண்டில் படிக்கிறாள், 400 மீட்டர் ஓடுகிறாள். புக்கிட் ஜாலில் விளையாட்டுப் பள்ளிக்கு மனுச் செய்யுங்கள் என்கிறார் ஆசிரியர். பள்ளி இறுதித் தேர்வு எஸ்.பி.எம். என்னாவது என்று வீட்டில் பயப்படுகிறார்கள். அனுப்பலாமா? என் பெயரைப் போட வேண்டாம்.

வாசகர், செந்தூல்

*

தம்பிக்கு,

பெயரை எடுத்துவிட்டேன். மகள் ஓடுகிறாள் என்று எழுத ஒரு தகப்பன் எதற்குப் பெயரை மறைக்க வேண்டும் என்பதுதான் விளங்கவில்லை. போகட்டும்.

பணம் எங்கே போகிறது, யார் பதவி விலக வேண்டும் என்பதையெல்லாம் பேச உங்கள் செந்தூல் மாமாக் கடைகளிலேயே ஆள் இருக்கிறது. ஒரு தே தாரே, அதாவது ஆற்றிய டீ, வாங்கிக் கொடுத்தால் விடிய விடியச் சொல்வார்கள். அதற்குள் நான் வரவில்லை.

தீனா விஷயத்தை மட்டும் விடமாட்டேன். பெர்லி தானும் தீனாவும் ஒலிம்பிக் அரையிறுதிக்குப் போனார்கள். இந்த நாட்டின் பெண்கள் இரட்டையர் எவரும் அதற்கு முன் அந்த இடத்தைப் பார்த்ததில்லை. வெண்கல ஆட்டத்தில் ஜப்பான் ஜோடியிடம் தோற்று நான்காவதாக வந்தார்கள். உலகத்தில் நான்காவது! நீங்கள் சோபாவில் சாய்ந்துகொண்டு "கோட்டை விட்டார்" என்கிறீர்கள். உங்கள் மகள் இதைக் காதில் வாங்கியிருப்பாள். அடுத்த ஓட்டத்தில் நான்காவதாக வந்தால் வீட்டுக்கு எந்த முகத்தோடு வருவாள் என்று யோசித்துப் பார்த்தீர்களா?

வாய்ப்பு மறுக்கப்படுகிறதா என்றால், எங்கேயுமே இல்லை என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். 2019 தென்கிழக்காசிய (சீ) போட்டியில் தங்கம் வென்று வந்த பூப்பந்து வீராங்கனை கிசோனாவை 2021-இல் ஒரு அரசியல்வாதி இனத்தைச் சொல்லித் திட்டினார். நாமும் கொதித்தோம், ஒரு வாரம் வாட்சப்பில் படம் மாற்றி வைத்தோம், பிறகு மறந்தோம். அடுத்தவன் கதவை மூடுகிறான் என்று கத்துவது சுலபம். நம் வீட்டு வாசலை நாமே சுவர் வைத்து அடைத்தது யார் கண்ணுக்கும் படுவதில்லை. எனக்கு ரொம்ப நாளாக இதில் ஒரு ஆற்றாமை உண்டு. உங்கள் கடிதம் அதைக் கிளறிவிட்டது.

பிலிப்பைன்ஸைக் காட்டிப் பொருமுகிறீர்கள். ஜிம்னாஸ்டிக்ஸ் வீரர் கார்லோஸ் யூலோவுக்கு அந்த இரண்டு தங்கம் எப்படி வந்தது தெரியுமா? மணிலாவில் நெருக்கடியான ஒரு குடியிருப்புப் பையன். குட்டிக்கரணம் போட்டுத் திரிந்தவனை ஏழு வயதில் தாத்தா கையைப் பிடித்துப் பக்கத்திலிருந்த ரிசால் நினைவு விளையாட்டு வளாகத்துக்குக் கூட்டிப்போனார். தாத்தா பெரிய மனிதர், சந்தேகமில்லை. ஆனால் கூட்டிப்போக ஓர் இடம் நடக்கும் தூரத்தில் இருந்ததே, அதைக் கவனியுங்கள்.

நான் பிறந்தது கோல சிலாங்கூர் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில். தொழிலாளர் வீடுகளான லயத்துக்குப் பின்னால் திடல், திடலுக்கும் கள்ளுக்கடைக்கும் நடுவில் ஒரு கால்வாய். வெள்ளைக்கார துரை காலத்தில் காற்பந்துக்காக வெட்டியது. காலையில் ஆளெடுக்கும் பெரட்டு, பால் வெட்டு எல்லாம் முடிந்தால் மாலையில் ஊரே அங்கேதான் கிடக்கும். என் அக்கா அந்தத் திடலில் ஓடினாள், வெறுங்காலில், பள்ளிப் பாவாடையோடு. கால்வாய் ஓரத்து மூலை எப்போதும் சொதசொதவென்று இருக்கும். அந்த மூலையில் மட்டும் உள்பக்கம் வெட்டி ஓடுவாள். தோட்டத்துக் கணக்கரான கிராணி ஐயா கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே, "அது கணக்கில்ல, திரும்ப ஓடு" என்பார். கால்வாய்க்கு அந்தப் பக்கமிருந்து கள்ளுக் குவளையைத் தூக்கிக்காட்டி "ஓடு தாயி" என்று நாலைந்து பேர் கத்துவார்கள். அவர்களில் ஒருவர் என் அப்பா. அக்கா மாவட்டம் வரைக்கும் போனாள். அதற்கு மேல் போகவில்லை. ஏன் என்பது வேறு கதை, இன்னொரு நாள் எழுதுகிறேன்.

அந்தத் தோட்டம் விற்றுப்போய்த் தாமான், அதாவது வீடமைப்புப் பகுதி, ஆனது. பள்ளியை இடம் மாற்றினார்கள். புதுக் கட்டடம், மூன்று மாடி, மண்டபம், ஆசிரியர்களுக்குக் கார் நிறுத்த இடம். திறப்பு விழாவுக்கு நானும் போயிருந்தேன். மேளதாளம், ஆளுயர மாலை, ஒருவர் விடாமல் எல்லாத் தலைவருக்கும் பேனர். திடல் எங்கே என்று நிர்வாகத்தில் ஒருவரிடம் கேட்டேன். "பக்கத்துத் தேசியப் பள்ளித் திடலை ஒருநாள் வாடகைக்கு எடுத்துக்குவோம் சார்," என்றார், நான் ஏதோ நீச்சல் குளம் கேட்டதுபோல. பிறகு ஒரு வருடம் அந்த வாடகையும் சரிப்பட்டு வரவில்லை போலும், கார் நிறுத்துமிடத்திலேயே போட்டி வைத்தார்கள். தாரில் சுண்ணாம்புக் கோடு. ஓடி முடிக்கிற இடத்தில் சுவர். பிள்ளைகள் போய் மோதிக்கொள்ளாமல் இருக்கச் சுவரில் மெத்தைகளைச் சாய்த்து வைத்திருந்தார்கள். சிவப்பு இல்லத்துப் பையன் ஒருவன் முக்கால் தூரத்திலேயே வேகத்தைக் குறைத்தான். பயம். முதலாவதாக வரவேண்டியவன் மூன்றாவதாக வந்து, அழுதுகொண்டே இலவச மைலோ பானம் தரும் லாரிக்கு வரிசை பிடித்தான்.

நாட்டில் 500-க்கு மேல் தமிழ்ப்பள்ளிகள். நல்ல திடல் உள்ளவையும் உண்டு, அந்தத் தலைமையாசிரியர்கள் சண்டைக்கு வர வேண்டாம். மற்ற பள்ளிகளுக்கு என்ன கேட்டோம்? கட்டடம் கேட்டோம். கணினி அறை, மண்டபம், அதற்குக் குளிர்சாதனம் கேட்டோம். தோட்ட முதலாளி நிலத்தைத் துண்டு போட்டபோது திடலையும் சேர்த்து அளந்து கொடு என்று எத்தனை பேர் மல்லுக்கட்டினோம்? கோயிலை இடிக்க வந்தால் லாரி லாரியாக ஆள் போகிறோமே, திடலில் கம்பி வேலி போட வந்தபோது ஒரு சைக்கிளாவது போனதா? கோயிலுக்குப் போவது தப்பென்று சொல்லவில்லை. அதே லாரியில் திரும்பி வரும்போது திடல் பக்கமும் ஓர் எட்டு போயிருக்கலாம். கோலாலம்பூரில் நமக்கு முன்னால் இருந்தவர்களுக்கு இந்தப் புத்தி இருந்தது. உடற்பயிற்சிக்கென்றே தமிழர்கள் சங்கம் வைத்துத் திடல் போட்டார்கள். ஜாலான் ஈப்போ பக்கம் அந்தச் சங்கத்தின் டி.பி.சி.ஏ. திடல், உங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். உள்ளே கால் வைத்திருக்கிறீர்களா?

1966 பாங்காக் ஆசியப் போட்டியில் நம் ஓட்டக்காரர் ஜெகதீசனுக்கு மூன்று தங்கம். அதே போட்டியில் ராஜாமணிக்கு 400 மீட்டரில் தங்கம். உங்கள் மகள் ஓடும் அதே 400. அந்தப் பெயரை அவளுக்குச் சொல்லியிருக்கிறீர்களா? 1968 மெக்சிகோவில் ஜெகதீசன் 200 மீட்டரை 20.92 வினாடியில் ஓடினார். அந்தத் தேசியச் சாதனை 2017-இல்தான் உடைந்தது. கைருல் ஹஃபிஸ் 20.90-இல் ஓடினார். வினாடியில் நூறில் இரண்டு பங்கைக் குறைக்க இந்த நாட்டுக்கு 49 வருடம் ஆகியிருக்கிறது!

அப்புறம் சரவணன். 1998 செப்டம்பர், கோலாலம்பூர் காமன்வெல்த் போட்டி. ரிங்கிட்டை ஒரு டாலருக்கு 3.80 என்று கட்டிப் போட்டிருந்தார்கள். அப்போதைய துணைப் பிரதமர் அன்வாரைப் பதவி நீக்கி, போட்டிகள் முடிவதற்குள் கைதும் செய்துவிட்டார்கள். அந்த வருடம் இங்கே தண்ணீர்ப் பங்கீடு வேறு. விளையாட்டைப் பற்றி யாருக்குக் கவலை? பிரிக்பீல்ட்ஸ் கடையொன்றில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. 50 கிலோமீட்டர் நடை. இடுப்பை ஆட்டி ஆட்டி நடப்பதைப் பார்த்துச் சிலர் சிரித்தார்கள். ஒரு கால் எப்போதும் தரையில் இருக்க வேண்டும், ஊன்றும் முழங்கால் மடங்கக் கூடாது, தவறினால் நடுவர் சிவப்பு அட்டைக்கு எழுதிவிடுவார். இப்படியே நான்கு மணி நேரத்துக்கு மேல். கோவிந்தசாமி சரவணன் தங்கம் வாங்கினார். அவர்மேல் யாரும் பந்தயம் கட்டியிருக்க மாட்டார்கள். சிரித்தவர்களே எழுந்து கைதட்டினார்கள்.

அன்றைக்கு எனக்கு ஒரு குறும்பான எண்ணம் வந்தது, இன்றுவரை விடவில்லை. நம் பையன் தங்கம் வாங்கிய போட்டி எது பாருங்கள். திடலே தேவைப்படாதது, ரோடு இருந்தால் போதும். அந்த 50 கிலோமீட்டரையும் தோக்கியோவுக்குப் பிறகு ஒலிம்பிக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

மகளைக் கேட்டிருந்தீர்கள். மனுவை அனுப்புங்கள், இந்த வாரமே. விளையாட்டுப் பள்ளியிலும் அதே பாடநூல்தான், அதே எஸ்.பி.எம்.தான். இடம் கிடைக்காவிட்டாலும் ஓட்டத்தை நிறுத்தாதீர்கள். தங்கம் வருமா என்று அவளிடம் கேட்டு வைக்காதீர்கள். அவள் ஓடுகிற நாளில் வேலைக்கு லீவு போட்டுவிட்டுப் போய் நில்லுங்கள்.

அவள் படித்த தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்துக்கும் ஒருமுறை போய் வாருங்கள். முன்னாள் மாணவியின் அப்பா என்றால் விரட்டவா போகிறார்கள். கட்டட நிதி ரசீதை நீட்டுவார்கள். பணத்தைக் கொடுங்கள், கொடுக்கும்போது திடலைப் பற்றிக் கேளுங்கள். என்ன பதில் வந்தது என்று எனக்கு எழுதுங்கள்.