வாசகர் கேள்வி – பதில்: டிஸ்க் பிரேக்கில் ஏர் எடுப்பது எப்படி?

கேள்வி: ஷிமானோ எம்.டி.200 ஹைட்ராலிக் (ஆயில் அழுத்தத்தில் இயங்கும்) டிஸ்க் பிரேக் உள்ள மலைச் சைக்கிள் வைத்திருக்கிறேன். பஞ்சர் ஒட்டுவதற்காகச் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்ததிலிருந்து பின் பிரேக் லீவர் ஹேண்டில்பாரைத் தொடும் அளவுக்கு அமுங்குகிறது. நாலைந்து முறை வேகமாக அழுத்தினால் கெட்டியாகிறது. சற்று நேரத்தில் மறுபடியும் பஞ்சுதான். ஞாயிறுதோறும் கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இறங்குகிறவன் நான். வீட்டிலேயே ஏர் எடுத்துவிடலாமா, அதாவது ஆயிலில் புகுந்த காற்றை வெளியேற்றிவிடலாமா?

பதில்: தாராளமாக எடுக்கலாம். ஆனால், எடுத்து முடித்து, சமதளத்தில் ஓட்டிப் பார்க்கும் வரை அந்த இறக்கத்தில் சைக்கிளைக் கொண்டுபோகாதீர்கள். அந்தச் சாலையில் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம் இறங்குகிறீர்கள். நீங்களும் சைக்கிளும் சேர்ந்து 90 கிலோ என்று வைத்துக்கொண்டால், அந்த இறக்கத்தில் வெளிப்படும் ஆற்றல் நான்கு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. அதில் ஒரு பங்கைக் காற்று தடுத்துக்கொள்ளும். மற்றதில் பெரும்பகுதியை மெல்லிய டிஸ்க்குகள் இரண்டும்தான் சூடாக வாங்கிக்கொள்ள வேண்டும்.

நீங்கள் சொல்லும் அறிகுறி ஏர் புகுந்ததற்கே உரியது. லீவருக்குள் ஒரு சிறு ஆயில் அறை இருக்கிறது. அதன் உச்சியில் கொஞ்சம் காற்று தங்கியிருந்தாலும், சைக்கிள் நிமிர்ந்து நிற்கும் வரை தொல்லை இல்லை. கவிழ்த்ததும் அந்தக் காற்று ஆயிலைத் தள்ளும் பிஸ்டன் பக்கம் இடம் மாறி, லீவரை அழுத்தும்போது குழாய்க்குள் போய்விடுகிறது. ஆயில் அமுங்காது, காற்று அமுங்கும். ஆகவே உங்கள் விரலின் பலம், டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் பேடைத் தள்ளுவதற்குப் பதிலாகக் குமிழியை நசுக்குவதில் செலவாகிறது. லீவரை இறுக்கிப் பிடித்தபடி அரை நிமிடம் வைத்திருந்து பாருங்கள். மெல்ல மெல்ல உள்ளே இறங்கிக்கொண்டே போனால் எங்கோ கசிவு இருக்கிறது என்று பொருள். அதற்கு ஏர் எடுப்பது தீர்வாகாது. லீவரை இரவு முழுவதும் ரப்பர் பேண்டால் கட்டி வைக்கும் வழக்கமும் உண்டு. சில நேரங்களில் பலன் தெரியும், ஆனால் மலை இறங்குகிறவர் அதை நம்பி இருக்கக் கூடாது.

வேலையைத் தொடங்குமுன் சக்கரத்தையும் இரண்டு பேடுகளையும் கழற்றித் தொலைவில் வைத்துவிடுங்கள். இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒருமுறை சோம்பல்பட்டுப் பேடைக் கழற்றாமலே ஏர் எடுத்தேன். ஆயில் போய்வரும் சிறு முனையான நிப்பிளிலிருந்து குழாயை உருவும்போது ஒரே ஒரு சொட்டு, பேடுகள் உட்காரும் காலிப்பருக்குள் வழிந்தது. மறுநாள் பிரேக் பிடித்த போதெல்லாம் தெருவே திரும்பிப் பார்க்கும்படி ஊளையிட்டது, வண்டியோ நிற்கவில்லை. டிஸ்க்கை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்துச் சரிசெய்ய முடிந்தது. ஆயிலைக் குடித்துவிட்ட ரெசின் பேடை அடுப்பில் காட்டியும் பார்த்தேன், பயனில்லாமல் குப்பையில் போட்டேன்.

பேடு இருந்த இடத்தில், பிரேக்குடன் வரும் பிளாஸ்டிக் கட்டையைச் செருகுங்கள். அது இல்லாமல் ஆயிலைத் தள்ளினால், பேடைத் தள்ளும் காலிப்பர் பிஸ்டன்கள் வெளியே வந்துவிடும். அளவுக்கு மீறி ஆயில் ஏறி, பிறகு பேடைப் போட்டதும் டிஸ்க்கோடு உரசும். ஹேண்டில்பாரில் லீவரைத் தளர்த்தி, ஆயில் அறை தரைக்கு இணையாக இருக்கும்படி திருப்பி, மேலுள்ள சிறு திருகை எடுத்துவிட்டுப் புனலைப் பொருத்துங்கள். கீழே காலிப்பர் நிப்பிளில், காற்றில்லாமல் ஆயில் நிரப்பிய சிரிஞ்சைக் குழாயுடன் மாட்டி, நிப்பிளை அரைக்கால் திருப்பம் திறந்து, ஆயிலை மெதுவாக மேல்நோக்கித் தள்ளுங்கள். காற்று இயல்பாகவே மேலே ஏறும் என்பதால் கீழிருந்து தள்ளுவதே முறை. பின் பிரேக்கின் குழாய் நீளமானது, வளைவுகளும் அதிகம். குமிழி அங்கே ஒட்டிக்கொள்ளும். ஸ்குரூடிரைவரின் பிடியால் குழாயையும் காலிப்பரையும் தட்டிக்கொண்டே இருந்தால் புனலில் பொட்டுப் பொட்டாக மேலெழுவதைப் பார்க்கலாம்.

குமிழி நின்றதும் நிப்பிளை மூடி, சிரிஞ்சுக்குப் பதிலாக ஒரு பையைக் கட்டிவிடுங்கள். லீவரை அழுத்திப் பிடித்து, நிப்பிளை அரை விநாடி மட்டும் திறந்து மூடுவதை இரண்டு மூன்று முறை செய்தால், காலிப்பரில் பதுங்கியிருக்கும் கடைசிக் குமிழியும் வெளியேறும். திறந்திருக்கும்போது லீவரை விட்டுவிட்டால் காற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும், கவனம். பிறகு லீவரை 30 டிகிரி மேலும் கீழுமாகச் சாய்த்து அழுத்திப் பாருங்கள். எல்லாம் தெளிந்தபின் புனலின் அடைப்பானைச் செருகி, புனலை எடுத்து, ஆயில் விளிம்பு வரை ததும்பி நிற்கும் நிலையிலேயே திருகைப் போடுங்கள். அந்தத் திருகுக்கு 0.5 முதல் 0.7 நியூட்டன் மீட்டர்தான் முறுக்கு. அதாவது இரண்டு விரல்களின் பலம். பலசாலித்தனம் காட்டினால் மரை போய்விடும்.

கேள்வி: எங்கள் ஊரில் சைக்கிள் பிரேக் ஆயில் கிடைப்பதில்லை. மோட்டார் சைக்கிளுக்கு ஊற்றும் டாட் 4 ஆயிலை ஷிமானோ பிரேக்கில் பயன்படுத்தலாமா?

பதில்: கூடவே கூடாது. ஷிமானோ, மகுரா, டெக்ட்ரோ பிரேக்குகள் மினரல் ஆயிலுக்கென்று செய்யப்பட்டவை. டாட் 4 என்பது கிளைக்கால் என்னும் வேறு வேதிப்பொருள் வகை. ஒன்றுக்கு உரிய ரப்பர் சீல் மற்றதில் ஊறி உப்பிவிடும். அழுத்திய லீவர் திரும்பி வராது, பிறகு கசியத் தொடங்கும். ஒரு கடையில் அப்படி ஊற்றித் தந்த சைக்கிளை நான் பார்த்திருக்கிறேன். சீல்கள் தனியாகக் கிடைக்காததால் லீவர், காலிப்பர், குழாய் மூன்றையும் மாற்ற வேண்டியதாயிற்று.

மாறாக, ஹோப் நிறுவனத்தின் பிரேக்குகளுக்கு டாட் ஆயில்தான் ஊற்ற வேண்டும். நெடுங்காலம் டாட் பக்கமே நின்ற ஸ்ராம் நிறுவனமோ, 2024இல் கொண்டுவந்த மேவன் உள்ளிட்ட சில பிரேக்குகளில் மினரல் ஆயிலுக்கு மாறியிருக்கிறது. எனவே நிறுவனத்தின் பெயரைப் பார்த்து முடிவு செய்யாமல், உங்கள் மாடலின் கையேட்டைப் பாருங்கள். டாட் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும்; புதிதில் 230 டிகிரி செல்சியஸ் வரையாவது கொதிக்காத டாட் 4, ஈரம் ஏறியபின் 155 டிகிரியிலேயே கொதித்துவிடலாம். ஆகையால், அதை ஆண்டுக்கொரு முறையேனும் மாற்றுவது நல்லது. பெயின்ட்டையும் அரிக்கும், சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

கேள்வி: இரண்டு முறை ஏர் எடுத்தும் லீவர் ஹேண்டில்பாருக்கு அருகில் வந்துதான் பிடிக்கிறது. ஆனால், பிடித்த இடத்தில் கல்லாக நிற்கிறது. ஏன்?

பதில்: கல்லாக நிற்கிறது என்றால் ஏர் இல்லை. பேடைக் கழற்றிப் பாருங்கள். உராயும் பொருள் 0.5 மில்லிமீட்டர்தான் மிச்சமிருந்தால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. டிஸ்க்கையும் அளந்துவிடுங்கள்: ஷிமானோ டிஸ்க் புதிதில் 1.8 மில்லிமீட்டர், 1.5க்கு வந்தால் கழிக்க வேண்டும். புதுப் பேடு போடுமுன் பிஸ்டன்களைச் சுற்றித் துடைத்து, பிளாஸ்டிக் டயர் லீவரால் உள்ளே தள்ளுங்கள். ஸ்குரூடிரைவர் வேண்டாம்.