பச்சை உடம்புக்காரிக்குத் துணை: வாசகர் கேள்வி – பதில்

பிரசவத்துக்கு முன்னும் பின்னும் மனம் தளர்ந்துபோகும் பெண்களுக்குத் துணை நிற்கும் தொண்டர் குழுக்கள் பற்றிக் கம்பம், போடி, குமுளி, வண்டன்மேடு, மூணாறு பக்கமிருந்து கேள்விகள் வந்திருக்கின்றன. இப்படிப்பட்ட குழுக்களுக்குப் பயிற்சி தரும் மனநலச் செவிலியரும் சமூகப் பணியாளரும் பதில் சொல்கிறார்கள்.

ஏலத்தோட்டத்தில் வேலை செய்யும் ஏழு பேர் சேர்ந்து குழு ஆரம்பித்திருக்கிறோம். என்னைத் தலைவி ஆக்கிவிட்டார்கள். படிப்பு பத்தாவதுதான். எங்கிருந்து தொடங்குவது?
– வாசகி, வண்டன்மேடு

வீடுகளில் தொடங்க வேண்டாம், போன் நம்பர்களில் தொடங்குங்கள். முதல் வீட்டுக்குப் போன அன்றைக்கே ஒருத்தி ‘செத்துப் போயிரலாம்போல இருக்கு’ என்று சொல்லக்கூடும். யாரைக் கூப்பிடுவது என்று அப்போது யோசித்துக்கொண்டு நிற்கக் கூடாது. வார்டு ஆஷா (ஊர் சுகாதாரப் பணியாளர்), ஜே.பி.எச்.என். (கேரளத்துக் கிராம சுகாதார நர்ஸ்), பக்கத்து ஆஸ்பத்திரியில் மாவட்ட மனநலத் திட்ட டாக்டர் வரும் கிழமை, ஆம்புலன்ஸ் 108, டெலி மானஸ் 14416 (அரசின் மனநல உதவி எண், இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம்), பெண்களுக்கான உதவி எண் 181, ராத்திரி இரண்டு மணிக்கும் வண்டி எடுக்கக்கூடிய ஜீப் டிரைவர் இரண்டு பேர். எல்லாம் ஒரே தாளில் இருக்கட்டும். 108 தவிர மற்றவற்றை ஒருமுறை கூப்பிட்டுப் பார்த்த பிறகே ஏழு பேருக்கும் கொடுங்கள். பழைய நம்பர்கள் நிறைந்த தாள், தாளே இல்லாததைவிட மோசம்.

படிப்பு பத்தாவது போதும். 2008-ல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. பாகிஸ்தானின் ராவல்பிண்டி கிராமங்களில் மனச்சோர்வு இருந்த கர்ப்பிணிகளை, இதற்கென்று பயிற்சி பெற்ற ஊர் சுகாதாரப் பணிப்பெண்களே போய்ப் பார்த்தார்கள். பிரசவத்துக்கு முந்தைய மாதம் வாரம் ஒன்றாக 4 முறை, குழந்தை பிறந்த முதல் மாதம் 3 முறை, அப்புறம் மாதம் ஒன்றாக 9 முறை, ஆக 16 சந்திப்பு. குழந்தைக்கு 6 மாதம் ஆனபோது அவர்களில் 23 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு இருந்தது. இந்தப் பயிற்சி பெறாத பணிப்பெண்கள் அதே எண்ணிக்கையில் போய்வந்த வீடுகளில் 53 சதவீதம். அந்த முறையைத்தான் உலக சுகாதார நிறுவனம் 2015-ல் கையேடாகக் கொண்டுவந்தது. ஆக, போய் எட்டிப் பார்த்துவிட்டு ஹார்லிக்ஸ் கொடுத்து வருவதால் மட்டும் பலன் இல்லை. என்ன பேசுகிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ‘பிள்ளை அழுதுக்கிட்டே இருக்கு, நான் நல்ல அம்மா இல்ல’ என்ற எண்ணத்தைத் திட்டாமல், அறிவுரை சொல்லாமல், அவளையே எடுத்துப் பார்க்க வைப்பது. பிறகு அடுத்த சந்திப்புக்குள் முடிகிற ஒரே ஒரு சின்ன வேலை: நாளைக் காலை குளித்துவிட்டுப் பத்து நிமிஷம் வாசலில் வெயிலில் உட்காருவது, அவ்வளவு சின்னதாக. ‘தைரியமா இரு, எல்லாரும் பெத்துக்கலையா’ என்ற வாக்கியத்தை உங்கள் குழுவில் தடைசெய்துவிடுங்கள்.

ஒரு தொண்டருக்கு ஒரே சமயத்தில் மூன்று வீட்டுக்கு மேல் வேண்டாம். முதல் தடவை இரண்டு பேராகப் போங்கள். தலைவிக்கு ஒரு வீடு, முடிந்தால் அதுவும் வேண்டாம். உங்கள் வேலை அந்த ஆறு பேரைப் பார்த்துக்கொள்வது. எல்லா வீட்டுக்கும் தானே ஓடுகிற தலைவி ஆறே மாதத்தில் படுத்துவிடுவார், குழுவும் கூடவே படுத்துவிடும்.

இன்னொன்று, பயிற்சிப் புத்தகங்களில் இருக்காது. சுய உதவிக் குழுவிலோ, கேரளத்தின் குடும்பஸ்ரீ பெண்கள் குழுவிலோ கடன் தவணை வசூலிக்கும் பெண்ணை அதே வீட்டுக்குத் தொண்டராக அனுப்பாதீர்கள். அவர் வாசலில் நின்றாலே உள்ளே இருப்பவளுக்கு வயிற்றைக் கலக்கும். அதேபோல, தொண்டர் யாரும் போகிற வீட்டில் கடன் கொடுக்கவோ வாங்கவோ கூடாது.

பிள்ளை பெத்தவள் அழுவது சகஜம்தானே? மனச்சோர்வு இருக்கிறதா என்று பார்க்கிற அந்தப் பத்துக் கேள்வித் தாளை எப்போது நீட்டுவது?
– வாசகி, தேவாரம்

மூன்றாம் நாள் முதல் ஐந்தாம் நாள் வரை காரணமில்லாமல் அழுகை, எரிச்சல், அடுத்த நிமிஷம் சிரிப்பு. பிரசவித்த பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இது வரும், இரண்டு வாரத்துக்குள் தானே அடங்கும். இதற்குத் தூக்கமும் துணைக்கு ஆளும் போதும், தாள் வேண்டாம். இரண்டு வாரம் தாண்டியும் நீடித்தால், அல்லது கர்ப்பத்திலேயே ஆரம்பித்திருந்தால், தாளை எடுங்கள்.

நம் பக்கத்துப் பெண்கள் ‘எனக்குச் சோகம்’ என்று சொல்வதில்லை. தலை பாரம், கைகால் உளைச்சல், நெஞ்சு படபடப்பு, பால் வத்திப்போச்சு என்பார்கள். குழந்தை தூங்கும்போதும் தனக்குத் தூக்கம் வரவில்லை என்றால் அது முக்கியமான அடையாளம். ரத்தசோகையும் தைராய்டும் இதே மாதிரி ஆளைச் சாய்க்கும் என்பதால் ரத்தப் பரிசோதனையையும் விடக் கூடாது.

நீங்கள் கேட்கும் தாள் 1987-ல் வந்த எடின்பரோ அளவுகோல். கடந்த 7 நாள் எப்படி இருந்தது என்று கேட்கும் 10 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 30. பலரும் தப்பு செய்வது கூட்டலில்தான். 1, 2, 4 ஆகிய கேள்விகளில் மேலிருந்து கீழாக 0, 1, 2, 3. மற்ற ஏழிலும் தலைகீழ்: மேலே 3, கீழே 0. எல்லாவற்றையும் ஒரே பக்கமாகக் கூட்டினால் நன்றாக இருப்பவள் நோயாளியாகத் தெரிவாள், நொந்து கிடப்பவள் தப்பிப் போவாள். 13, அதற்கு மேல் என்றால் டாக்டரிடம் அனுப்ப வேண்டும் என்பது பொதுவான கணக்கு. தொண்டர்கள் 10 வந்தாலே ஆஷாவிடமோ நர்ஸம்மாவிடமோ சொல்லிவிட்டு, இரண்டு வாரத்தில் மறுபடி கேளுங்கள். தாள் நோயைக் கண்டுபிடிக்காது, யாரை டாக்டர் பார்க்க வேண்டும் என்று மட்டும் சொல்லும். மாமியார், கணவர், நாத்தனார் பக்கத்தில் இருக்கும்போது கேட்டால் எல்லா விடையும் பூஜ்யம்தான். லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) அடுத்த வீட்டுப் பேச்சு சுவர் தாண்டிக் கேட்கும். துணி துவைக்கும் குழாயடிக்கு ஆள் வராத நேரம் பார்த்துக் கேளுங்கள்.

பத்தாவது கேள்வி, தன்னைத் தானே ஏதாவது செய்துகொள்ளும் எண்ணம் பற்றியது. மொத்தம் எவ்வளவாக இருந்தாலும் இதற்கு 0 தவிர வேறு விடை வந்தால், அன்றைக்கே நேராகக் கேட்க வேண்டும்: சாகணும்னு தோணுதா, எப்படின்னு யோசிச்சீங்களா, பிள்ளையையும் சேர்த்து நினைச்சீங்களா? கேட்பதால் எண்ணம் முளைத்துவிடாது. ‘ஆமாம்’ என்றால் அவளைத் தனியே விடாமல், தலைவிக்குப் போன் செய்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். ஏலக்காட்டு வீடுகளில் தெளிக்கிற மருந்து கட்டிலுக்கு அடியிலேயே இருக்கும். அந்த டின்னை அன்று மாலைக்குள் வீட்டைவிட்டு அப்புறப்படுத்துங்கள். பெட்டியில் பூட்டி அதே வீட்டில் சாவியை வைப்பது அப்புறப்படுத்தியது ஆகாது.

‘ஜன்னி கண்டிருக்கு, கயிறு கட்டினா சரியாயிரும்’ என்று மாமியார் மறிக்கிறார். என்ன செய்ய?
– வாசகர், போடி

ஜன்னி என்ற ஒரே வார்த்தைக்குள் நம் ஊரில் மூன்று ஆபத்து ஒளிந்திருக்கிறது. ரத்த அழுத்தம் ஏறி வருகிற வலிப்பு, கருப்பையில் கிருமி தொற்றி வருகிற காய்ச்சல் பிதற்றல், மூன்றாவது பிரசவத்துக்குப் பின் வரும் மனப்பிறழ்வு. மூன்றுக்கும் ஆஸ்பத்திரிதான், அதுவும் அன்றைக்கே. கடைசியாகச் சொன்னது ஆயிரம் பிரசவத்தில் ஒன்றிரண்டு பேருக்கு வரும், பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள். இரவு முழுக்கத் தூங்காமல் சுறுசுறுப்பாக இருப்பாள், சம்பந்தமில்லாமல் பேசுவாள், குழந்தையை மாற்றிவிட்டார்கள் என்பாள், காதில் குரல் கேட்கிறது என்பாள். நடுவில் ஒரு மணி நேரம் தெளிவாகப் பேசுவாள். வீட்டார் ஏமாறுவது அந்த ஒரு மணி நேரத்தில்தான்.

மாமியாரோடு சாமி பற்றி வாதாட வேண்டாம். ‘கயிறு கட்டிட்டே போகலாம்மா, ஜீப் நிக்குது’ என்றால் பாதிப் பேர் ஏறிவிடுவார்கள். குழந்தையைத் தாயோடு தனியாக விடாதீர்கள், அதற்காக அவளைக் கட்டிவைக்கவும் விடாதீர்கள். 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, சிகிச்சையில் இருக்கும் தாயை மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையிடமிருந்து சாதாரணமாகப் பிரிக்கக் கூடாது. தாயையும் சேயையும் சேர்த்தே அனுமதிக்கும் பிரிவு பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் 2009 முதல் இருக்கிறது. ஒருமுறை இது வந்தவளுக்கு அடுத்த பிரசவத்திலும் வரும் வாய்ப்பு அதிகம். அடுத்த முறை கருத்தரிக்கும் முன்பே டாக்டரைப் பார்க்கச் சொல்லிக் குறிப்பில் எழுதி வையுங்கள்.

ஏழாம் மாசம் வளைகாப்பு முடிந்து கம்பத்துக்கு அம்மா வீட்டுக்குப் போகிறவர்கள் எங்கள் கையைவிட்டுப் போய்விடுகிறார்கள். திரும்பி வரும்போது ஆளே மாறியிருக்கிறார்கள்.
– வாசகி, குமுளி

எல்லைப் பகுதியில் அதிகம் பேர் தவறிப்போவது இங்கேதான். கேரளத்தில் பார்த்த ஆஷாவுக்கு அவள் ‘ஊருக்குப் போயாச்சு’, தமிழ்நாட்டு நர்ஸம்மாவுக்கு அவள் ‘வந்த பொண்ணு’, மூன்றாம் மாசம் குழந்தையோடு மலையேறும்போது ‘திரும்பிப் போயிருச்சு’. மனச்சோர்வு கூடுகிற மாதங்கள் முழுக்க அவள் யார் கணக்கிலும் இல்லை.

வழி எளிது, ஆனால் யாராவது பிடிவாதமாகச் செய்ய வேண்டும். கம்பம், கூடலூர் பக்கம் இன்னொரு குழுவையோ, ஒரே ஒரு ஆளையோ பிடியுங்கள். அனுப்பும்போது தாய்-சேய் அட்டையில் உள்ள எண், இரண்டு வீட்டுப் போன் நம்பர், பத்துக் கேள்வித் தாளின் கடைசி மதிப்பெண், சாப்பிடும் மாத்திரை, பிரசவத் தேதி ஆகிய ஐந்தும் அவள் சம்மதத்தோடு கைமாற வேண்டும். வாட்ஸாப்பில் அனுப்பிவிட்டு இருந்துவிடாதீர்கள். பழைய தொண்டர், புதிய தொண்டர், அந்தப் பெண், மூவரும் ஒரே போன் அழைப்பில் ஒருமுறையாவது பேசட்டும். புதியவர் நேரில் பார்த்துவிட்டேன் என்று சொல்லும்வரை அவள் உங்கள் பொறுப்புதான். திரும்பி வரும்போதும் இதே. இறங்கிய முதல் வாரத்தில் ஒரு சந்திப்பு, இல்லாவிட்டால் சீக்கிரமே ஜீப்பில் ஏலக்காய் எடுக்கப் போய்விடுவாள், பிடிக்க முடியாது.

மலையாள டாக்டரிடம் கூட்டிப்போனால் ‘ஒன்றுமில்லை’ என்று அனுப்பிவிடுகிறார்கள்.
– வாசகி, மூணாறு

பேச்சு மாறிப்போயிருக்கலாம். ‘தூக்கமே இல்லை’ என்று இவள் சொன்னால் மலையாளத்தில் தூக்கம் என்பது எடை. குழந்தைக்கு எடை குறைவு என்று புரிந்துகொண்டு குழந்தையை நிறுத்துப் பார்த்து அனுப்புவார்கள். ‘உறக்கம் இல்லை’ என்று சொல்லச் சொல்லுங்கள். டாக்டர் ‘விஷமம் உண்டோ?’ என்றால் வருத்தம் இருக்கிறதா என்று கேட்கிறார், நம்மவர்கள் சேட்டை என்று நினைத்துக்கொண்டு இல்லை என்று தலையாட்டிவிடுவார்கள். ‘வெப்ராளம்’ என்றால் படபடப்பு. கணவரை மொழிபெயர்க்க விடாமல் தொண்டர் கூடப் போங்கள், மதிப்பெண் தாளைக் கையில் வைத்திருங்கள். எண்ணுக்கு மொழி கிடையாது.

தொண்டர்களோடு தாய்மாரையும் சேர்த்து ஒரே வாட்ஸாப் குழு வைக்கலாமா?
– வாசகி, சின்னமனூர்

வேண்டாம். தாயின் போன் பெரும்பாலும் கணவர் கையில் இருக்கும்.

பால் கொடுக்கும்போது மனநல மாத்திரை சாப்பிடலாமா?
– வாசகி, உத்தமபாளையம்

பல மாத்திரைகளைச் சாப்பிட்டுக்கொண்டே பால் கொடுக்கலாம். செர்ட்ராலின் தாய்ப்பாலில் மிகக் குறைவாகவே கலக்கிறது என்பதால் டாக்டர்கள் அதை அதிகம் எழுதுகிறார்கள். லித்தியம் என்றால் குழந்தைக்கும் கண்காணிப்பு தேவை. வால்புரோயேட் கருவிலிருக்கும் குழந்தைக்குக் கெடுதல், அடுத்த கர்ப்பத்தை நினைத்து அதை முன்கூட்டியே மாற்ற வேண்டும். எது வேண்டும், எது வேண்டாம் என்பது டாக்டரின் முடிவு. தொண்டர் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: தானாக, திடீரென நிறுத்தக் கூடாது. பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். பலர் பத்தாம் நாளே ‘கேக்கலை’ என்று விட்டுவிடுகிறார்கள். தூக்கம் வரவழைக்கும் மாத்திரை சாப்பிடுகிறவள் குழந்தையைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு படுக்கக் கூடாது.

மாத்திரையோடு தூக்கமும் வேண்டும். ராத்திரி ஒன்பது மணிக்குப் பால் கொடுத்ததும் குழந்தையை வேறொருவர் வாங்கிக்கொண்டு, இடையில் அழுதால் எடுத்துவைத்த பாலைச் சங்கிலோ கிண்ணத்திலோ புகட்டி, இரண்டு மணி வரை அவளை எழுப்பாமல் இருந்தால் ஐந்து மணி நேரம் கிடைக்கும். கணவருக்குக் கொடுக்க இதைவிட நல்ல வேலை கிடையாது.

குழந்தை இறந்தே பிறந்த வீட்டுக்கு எங்கள் ஆட்கள் போகத் தயங்குகிறார்கள்.
– வாசகி, பீர்மேடு

குழந்தை இல்லையென்றால் தடுப்பூசிக் கணக்கு இல்லை, எடை பார்க்க வேண்டியதில்லை, வீட்டுக்கு யாரும் வருவதில்லை. ஆனால் மூன்றாம் நாலாம் நாள் அவளுக்கும் பால் சுரக்கும். அதைப் பற்றி முன்கூட்டியே யாரும் சொல்லாததுதான் பெரிய கொடுமை. பொருத்தமான உள்ளாடை, துணியில் சுற்றிய குளிர்ந்த ஒத்தடம், தாங்க முடியாமல் கட்டினால் வலி குறையும் அளவுக்கு மட்டும் பீய்ச்சுவது, காய்ச்சலோ மார்பில் சிவப்போ வந்தால் டாக்டர். இதைப் போய்ச் சொல்வதே துணைதான். குழந்தைக்குப் பெயர் வைத்திருந்தார்களா என்று கேளுங்கள், வைத்திருந்தால் அந்தப் பெயரைச் சொல்லிப் பேசுங்கள். ‘இன்னொண்ணு பெத்துக்கலாம்’ என்று மட்டும் வாயைத் திறக்காதீர்கள்.

ஒரு தொண்டர் வீட்டு ரகசியத்தை வெளியே சொல்லிவிட்டார். இன்னொருவர் ‘ராத்திரி தூக்கம் வரலைக்கா’ என்கிறார்.
– வாசகி, நெடுங்கண்டம்

முதலாமவரை இரக்கம் பார்க்காமல் வீடு போவதிலிருந்து நிறுத்துங்கள். கோபம் வேண்டாம், கணக்கு எழுதுவது, வண்டி ஏற்பாடு போன்ற வேலை கொடுக்கலாம். பாதிக்கப்பட்ட பெண்ணிடம் தலைவியே நேரில் போய் நடந்ததை ஒப்புக்கொள்ள வேண்டும். இனிமேல் நோட்டில் பெயருக்குப் பதில் எண் எழுதுங்கள், பெயர்ப் பட்டியல் உங்களிடம் மட்டும் இருக்கட்டும். உயிருக்கு ஆபத்து என்றால் ரகசியம் காக்க முடியாது என்பதை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடவும் வேண்டும், அப்புறம் சொன்னால் துரோகமாகத் தெரியும்.

இரண்டாமவர் தன் உடம்பைச் சொல்கிறார் என்று நினைத்துவிடாதீர்கள், ஒரு வீட்டைச் சுமந்துகொண்டிருக்கிறார். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒன்றரை மணி நேரம் எல்லோரும் உட்காருங்கள். ஒவ்வொருவரும் ஒரு வீட்டைப் பற்றிப் பெயர் சொல்லாமல் பத்து நிமிஷம் பேசட்டும், மற்றவர்கள் தீர்வு சொல்லாமல் கேட்கட்டும். மாதம் ஒருமுறை மனநலத் திட்டத்தின் சமூகப் பணியாளரையோ செவிலியரையோ அழையுங்கள். இவருக்கு ஒரு மாதம் வீடு எதுவும் கொடுக்காமல், கூட்டத்துக்கு மட்டும் வரச் சொல்லுங்கள். பஸ் கட்டணத்தையும் போன் ரீசார்ஜையும் சொந்தக் கையிலிருந்து போடுகிறாரா என்றும் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஆமாம் என்றுதான் பதில் வரும்.